செங் மான் சிங்கின் 37 நிலைகள்

செங் மான் சிங்கைப் பற்றி நினைத்தாலே மனசு நெகிழ்கிறது. இளவயதில் காசநோயால் வாடியவர். உடம்பு தேறத்தான் தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் பக்கம் வந்தார். அந்தக் கலையின் ஆசான் யாங் செங்ஃபூவிடம் கற்றார். அப்புறம் தான் கற்ற நீண்ட அசைவுத் தொடரை 37 நிலைகளாகச் சுருக்கினார். ஓவியம், கவிதை, மருத்துவம் எல்லாம் தெரிந்த மனிதர்.

1964-இல் தைவானிலிருந்து நியூயார்க் போய், சைனாடவுனில் கற்றுக்கொடுத்தார். சீனக் கலை சீனருக்கு மட்டுமே என்று பலர் நினைத்த காலம் அது. அவரோ நீண்ட முடி வைத்த ஹிப்பி இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். ஜோடியாகப் பயிலும்போது முரண்டு பிடிக்காதே, முதலில் தோற்கப் பழகு என்பார்.

1975-இல் தைவானில் காலமானார். அந்த 37 நிலைகளை இன்றும் எத்தனையோ நாடுகளில் பயில்கிறார்கள்.