ஐந்தாம் மாடித் தோட்டத்துக்குத் தொட்டி தேடுகிறேன்

ஏப்ரல் 19

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா திஞ்ஜான் முடிந்தது, நம் சித்திரை முதல் தேதியும் முடிந்தது. மழை பிடிக்க இன்னும் ஒரு மாதம் இருக்கும், அதற்குள் பால்கனியில் செடி வைத்துவிட வேண்டும் என்று இந்த முறை உறுதியாக இருக்கிறேன். மருந்து படாத கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. புளிச்சக்கீரை விதை, மிளகாய் விதை, வெந்தயம் எல்லாம் இருக்கிறது. ஆறு மாதமாகக் காய்த்தோல் போட்டு மக்க வைத்த எருவும் இரண்டு வாளி இருக்கிறது. எதில் வைப்பது என்பதுதான் தெரியவில்லை. ரங்கூன் நடுவில் இருக்கிற வீடுகள் எப்படி என்று தெரியும்தானே, 12½ அடி அகலம், பால்கனி மூன்றடிதான். அதுவும் ஐந்தாம் மாடி. ஈரமண் நிறைந்த 20 லிட்டர் வாளி ஒன்று 25 கிலோவுக்கு மேல் போகும், இங்கத்திக் கணக்கில் 15 வீசைக்கு மேல். (இங்கே வீசை 1.63 கிலோ. நம் ஊர் வீசை இதைவிடச் சின்னது.) பத்து வாளியை ஓரத்தில் வரிசையாக வைத்தால் பழைய பால்கனி தாங்குமா? அதனால் கனமானதையெல்லாம் சுவரை ஒட்டி உள்பக்கமாக வைப்பது, மண்ணில் பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள் கலப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஏப்ரல் 22

காளி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே தெயின்ஜி சந்தைக்குள் நுழைந்தேன். வாளி வாளியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒருமுறை எதற்கோ பயன்பட்டவை. கடைக்காரர் மலிவு விலைக்குப் பெயின்ட் வாளி ஆறு தருகிறேன் என்றார். கழுவிவிட்டால் போதும் என்று அவர் சொன்னாலும் எனக்கு மனசு வரவில்லை. சாப்பிடுகிற கீரையை அதில் எப்படி வைப்பது? பூச்சி மருந்து வந்த டப்பாவானால் கேட்கவே வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் கூடாது.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 2, 4, 5 என்றால் எடுக்கலாம். 3 பிவிசி, 6 தெர்மோகோல் வகை, இரண்டையும் நான் தொடுவதில்லை. மீன் வருகிற வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியில் பலபேர் கீரை போடுகிறார்கள், இறகு மாதிரி எடையே இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பழைய டயரும் அப்படித்தான், அதிலிருந்து துத்தநாகம் மண்ணில் இறங்கும். கடைசியில் சமையல் எண்ணெய் வந்த வெள்ளை வாளி நான்கு வாங்கினேன், அடியில் 2 என்று இருந்தது. தகர டின்னும் கிடைத்தது, ஆனால் இங்கத்தி மழையில் ஒரே வருஷத்தில் துரு தின்றுவிடும்.

ஏப்ரல் 27

இன்று த்வான்தே போய் வந்தோம். பான்சோடான் துறையில் படகு ஏறி டாலாவில் இறங்கி, அங்கிருந்து வண்டி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். கொட்டகைக்குள் நுழைந்தவுடன் ஈரக் களிமண் வாசம், எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. சுடாத பச்சைச் சட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும்தான் தோன்றியது, சுட்ட பிறகு துளை போட்டால் பாதி உடையும், பச்சையாக இருக்கும்போதே போட்டால் என்ன? கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு குச்சியால் ஒவ்வொன்றிலும் மூன்று துளை போட்டுக் கொடுத்தார் அந்த அம்மா. பத்து நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

பளபளவென்று மெருகு பூசிய ஜாடிகள் பக்கம் என் வீட்டுக்காரர் இழுத்தார். அழகுதான். ஆனால் சில மெருகில் ஈயம் இருக்கும், எதில் இருக்கும் எதில் இருக்காது என்று கண்ணால் சொல்ல முடியாது. பூச்செடிக்கு வாங்கலாம். கீரைக்கு மெருகில்லாத சிவப்புச் சட்டி போதும்.

மே 9

சட்டிகள் வந்துவிட்டன. ஆறில் ஒன்று படகில் விரிசல் விட்டது. அதற்குப் பதிலாகத் தெருமுனைக் கடையில் ஒரு பழைய மண்ஜாடி கிடைத்தது, நல்ல ஆழம், மிளகாய்க்குச் சரியாக இருக்கும் என்று எடுத்துவந்தேன். கீரைக்கு அரையடி ஆழம் போதும், மிளகாய், கத்தரிக்கு ஒரு அடியாவது வேண்டும், தக்காளிக்கு அதற்கு மேலேயே.

ஒன்று சொல்ல வேண்டும். அடியில் கல், ஓட்டாஞ்சல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வடியாது. பொடிமண்ணிலிருந்து கல்லுக்கு இறங்காமல் தண்ணீர் மண்ணின் அடியிலேயே தேங்கி நிற்கும், வேருக்கு இருக்கிற இடமும் குறையும். துளை மேல் ஒரு துண்டு வலை, அதன் மேல் நேராக மண், அவ்வளவு போதும்.

மே 21

மற்ற சட்டிகளில் மிளகாய் தளதளவென்று இருக்கிறது, பழைய ஜாடியில் வைத்த நாற்று மட்டும் இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகுகிறது. எருவைச் சந்தேகப்பட்டேன், வெயிலைச் சந்தேகப்பட்டேன். அத்தைதான் வந்து ஜாடியின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார், வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஙப்பி வச்சிருந்த ஜாடிம்மா இது. உப்பு ஊறிப் போயிருக்கு, லேசுல இறங்காது."

ஙப்பி என்றால் உப்புப் போட்டு ஊறவைத்த மீன் விழுது. கடைக்காரரிடம் நான் கேட்கவே இல்லையே! எதை வைத்திருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை. பெயின்ட் வாளிக்கு அத்தனை யோசித்தவள், மண்ஜாடி என்றதும் நம்பிவிட்டேன். நாற்றை எடுத்து வேரை அலசி எண்ணெய் வாளியில் நட்டிருக்கிறேன். பிழைக்க வேண்டும்.

ஜூன் 4

நாலு நாளாக விடாத மழை. வெயில் காலத்தில் மண்சட்டிக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியதற்கெல்லாம் இப்போது பலன் தெரிகிறது, பக்கவாட்டிலேயே ஈரம் வெளியேறிவிடுவதால் மண் சதசதக்கவில்லை. பிளாஸ்டிக் வாளியில் நின்றுவிடுகிறது. அதனால் வாளிகளில் இரண்டை வள்ளைக்கீரைக்கு மாற்றிவிட்டேன், அது தண்ணீரில் நின்றாலும் சந்தோஷமாக வளரும். மற்ற இரண்டுக்கும் துளையைக் கூட்டி, செங்கல் மேல் தூக்கி வைத்தேன். அடித்தட்டுகளை எல்லாம் எடுத்தாயிற்று. டெங்கு காலம் இது, தட்டில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் போதும், கொசு வந்துவிடும். தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 15

முதல் அறுவடை. புளிச்சக்கீரை, இங்கே சின்பௌங் என்பார்களே அதுதான், ஒரு கை நிறைய. அத்தை கருவாட்டோடு கடைந்தார். இடம் மாற்றிய மிளகாயும் புதுத் துளிர் விட்டிருக்கிறது.

மேல்மாடி அமாவுக்கு (பர்மியத்தில் அக்கா) கொஞ்சம் கீரை கொடுத்தனுப்பியிருந்தேன். சாயங்காலம் அவர் பால்கனிக் கயிறு இறங்கி வந்தது, கிளிப்பில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. தோட்டத்துக்காம். தலையை வெளியே நீட்டி, அமா, இதில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கத்தினேன்.

பனைவெல்லம் என்றார். திருப்பிப் பார்த்தேன், அடியில் 5.