முதுகில் ஓர் ஊசி

இன்று காலை 82 வயதுப் பெரியவர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. பல்லாண்டு பீடிப் பழக்கத்தால் அவருடைய நுரையீரல் நைந்துபோயிருந்ததால், முழு மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் இறக்குவதைத் தவிர்த்து, முதுகில் ஊசி போட்டு அடிவயிற்றையும் கால்களையும் மட்டும் மரத்துப்போகச் செய்வதென்று முடிவெடுத்தேன்.

சொல்வது எளிது. முதுமையில் முதுகெலும்புகளின் இடைவெளி குறுகி, தசைநார்களும் இறுகிவிடுவதால் ஊசி வழி தேடியே நேரம் போகும். இவருக்கு மூன்றாவது முயற்சியில்தான் தண்டுவடத் திரவம் பளிங்குபோலச் சொட்டியது. மருந்தின் அளவையும் குறைத்தாக வேண்டும், ஏனெனில் இளைஞருக்குக் கொடுக்கும் அதே அளவு முதியவர்களிடம் இன்னும் உயரப் பரவி, இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடக்கூடும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையில் வைத்தபோது பேசாமலிருந்தவர், நெஞ்சில் வைத்ததும் "ஜில்லுனு இருக்கு டாக்டர்" என்றார்; பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இந்த ஊசி என்றால் அப்பாவுக்குப் புத்தி தடுமாறாது அல்லவா?" என்று மகன் கேட்டதற்கு மட்டும் ஆம் என்று சொல்ல இயலவில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பம் இருவகை மயக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. வயிற்று அறுவைக்கு அதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

பெரியவர் இப்போது காபி கேட்டுக்கொண்டிருக்கிறார்.