தராசு காட்டிக்கொடுத்த வறட்சி நினைவு

வறட்சி கண்ட தாய்ச்செடியின் வாரிசுகள் அடுத்த வறட்சியைக் கூடுதலாகத் தாங்குவதை என் மாடியிலேயே பார்த்துவிட்டதாகச் சென்ற பட்டத்தில் பெருமையடித்திருந்தேன். அது பிழை என்பது இந்த வாரம் உறுதியாகிவிட்டது. அப்போது ஆடுதுறை 43 நெல்லில், பால் பிடிக்கும் பருவத்தில் வாட்டிய செடிகளின் விதையையும் நீர் குறையாத செடிகளின் விதையையும் தலா 12 வாளிகளில் வளர்த்து, ஒரே நாளில் நீரை நிறுத்தியபோது, முன்னவற்றின் இலைகள் இரண்டு நாள் தாமதமாகச் சுருண்டன. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலே, அந்த எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசின் மீது ஏறும் மெத்தில் என்னும் வேதிக் குறிகள்தாம் விதை வழியே இறங்கியிருக்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

இறங்கியது விதையின் எடைக்குறைவு மட்டுமே. வாடிய தாயின் நெல் இளைத்திருந்தது. அதன் நாற்றும் சிறியது. சிறிய செடி குறைவாக நீர் உறிஞ்சியதால் அந்த வாளிகளின் மண் மெதுவாகக் காய்ந்தது.

ஆகவே இம்முறை நாள்தோறும் மாலையில் ஒவ்வொரு வாளியையும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு, நனைந்து வடிந்த எடைக்கும் உலர்ந்த மண்ணின் எடைக்கும் இடைப்பட்ட நீரில் 40 சதவீதம் மட்டும் நிற்கும்படி குறைந்ததை ஊற்றினேன். கேட்க எளிது, ஆனால் காற்றில் வாளி ஆடும்வரை எண் நிலைக்காது, செடியின் சொந்த எடையும் வளர்ந்துகொண்டே போகும். அதற்காகவே உபரியாக வளர்த்த செடிகளில் வாரம் ஒன்றைப் பிடுங்கி நிறுத்துக் கழித்தேன். முதுகுவலியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

எல்லா வாளிகளிலும் ஈரம் ஒன்றானதும் இரு கூட்டமும் ஒரே நாளில் சுருண்டன. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 0 முதல் 9 வரையிலான அளவுகோலில் இரண்டும் 5, அதாவது இலை ‘ப’ வடிவில் குழிந்த நிலை.

மெத்தில் குறிகள் நெல்லில் தலைமுறை தாண்டுவதை நான் மறுக்கவில்லை. அந்தக் குறிகளைக் குறைக்கும் அசாசைட்டிடின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்த நாற்றுகளின் குட்டைத்தன்மை வாரிசுகளுக்கும் வந்ததாக 1990இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வேதிப்பொருள் செல் நஞ்சு என்பதால் என் மாடிக்கு வராது. அடுத்த சுற்றில் இடையில் ஒரு தலைமுறையை முழு நீரில் வளர்த்து, விதைகளை எடைவாரியாகப் பிரித்த பிறகே வாட்டப் போகிறேன். முன்பு இணையத்தில் வாங்கிய ஒரு பொட்டலத்தில் இரண்டு ரகங்கள் கலந்திருந்த அனுபவத்தால், புதிய தாய்விதையை வேளாண்மை விரிவாக்க மையத்திலேயே வாங்கிவிட்டேன். இப்போதைய வாளிகளில் கதிர் இன்னும் முற்றவில்லை. அதற்குள் அணில்கள் வலையைக் கடித்துவிட்டன.