மில்லிங் ஸ்பின்டிலுக்கு விஎஃப்டி: பெல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள்

கடலூர் முதுநகரில் என் ஷெட்டுக்கு வருவது வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைன்தான். பழைய மில்லிங் மெஷினில் இருப்பதோ 1 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார். அதனால் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகத் தரும், ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தையும் மாற்றும் விஎஃப்டி டிரைவ் ஒன்றைப் போட்டேன்.

பெரிய வேலை மோட்டாரில்தான் இருந்தது. நேம் பிளேட்டில் 415 வோல்ட், ஸ்டார் (மூன்று சுருளின் ஒரு பக்க முனைகளை ஒரே முடிச்சாகக் கட்டுவது), 1.8 ஆம்பியர். 230 வோல்ட் தரும் இந்த டிரைவில் ஓட்ட டெல்டாவாக (மூன்று சுருளையும் முனைக்கு முனை முக்கோணமாக இணைப்பது) மாற்ற வேண்டும். ஆனால் டெர்மினல் பாக்ஸுக்கு வந்தது மூன்றே ஒயர். ஸ்டார் முடிச்சை உள்ளேயே கட்டி வார்னிஷ் ஊற்றியிருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ரீவைண்டிங் செய்யும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். "புதுசா சுத்த வேணாம் தம்பி, முடிச்சைப் பிரிச்சு ஆறு ஒயரா எடுத்துத் தர்றேன்" என்றார். வார்னிஷைச் சூடுகாட்டி இளக்கி, ஒவ்வொரு முனைக்கும் ஸ்லீவ் மாட்டி, மெக்கரும் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்துக் கொடுத்தார். அருமையான கைவேலை. டெல்டாவில் கரண்ட் 1.73 மடங்கு என்பதால் டிரைவில் 3.1 ஆம்பியர் என்று பதிந்தேன்.

பழைய ஸ்டார்ட்டருக்கு இனி வேலை இல்லை. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த சுவிட்சும் கூடாது. ஓடும்போது திறந்தால் டிரைவே போய்விடலாம். ஸ்டார்ட், ஸ்டாப், ரிவர்ஸ் எல்லாம் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினல் வழியாகத்தான்.

டிரைவிலேயே வேகத்தை மாற்றலாம், இனி வேகத்துக்காகப் பெல்ட்டைப் புல்லியில் படி மாற்றவே வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே டார்க் (சுழற்றும் விசை) கூடுவதில்லை. வேகம் பாதியானால் பவரும் பாதி. 25 ஹெர்ட்ஸில் பெரிய ஃபேஸ் கட்டரை வார்ப்பிரும்பில் இறக்கினால் ஸ்பின்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) திணறுகிறது. பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றி 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதே வெட்டு சுலபமாகப் போகிறது. போதாக்குறைக்கு, மோட்டார் ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும்.

டிரைவின் அருமை இடைப்பட்ட வேகங்களில் தெரிகிறது. 12 மில்லி எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில் கட்டருக்கு மைல்ட் ஸ்டீலில் 660 ஆர்பிஎம் போல வேண்டும். என் பெல்ட்டில் கிடைப்பது 500, விட்டால் 900. 900 படியில் வைத்து 37 ஹெர்ட்ஸ் கொடுத்தால் கச்சிதம்.

நம் ஊர் உப்புக்காற்றுக்கு டிரைவைத் திறந்து வைக்கக் கூடாது. கொஞ்சம் பெரிய மூடிய பெட்டிக்குள் வைத்தேன். கதவைத் திறந்து கை வைக்கும் முன் லைனை அணைத்துப் பத்து நிமிடம் விடுகிறேன், கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

நிற்கும் நேரத்தை ரொம்பக் குறைத்தால் ஓவர் வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகிறது. அடுத்து, நிற்கும்போது மோட்டாரிலிருந்து திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் வாங்க வேண்டும். அது வந்ததும் ரிவர்ஸ் வைத்து மெஷினிலேயே எம்8 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டுப் பார்க்கலாம்.