தைலமரத்துக்குக் காவல்

ஆஸ்திரேலியாவில் தைலமரங்களைக் காப்பாற்றும் வேலை பார்க்கிறேன் என்று எங்கள் ஊரில் சத்தமாகச் சொல்ல முடியாது. "அதைப் போய் ஏனப்பா காப்பாற்றுகிறாய்? இங்கே வந்து நாலு மரத்தை வெட்டிவிட்டுப் போ" என்பார்கள். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரமாகப் போனவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே உயரம், ஒரே வரிசை, அடியில் புல்கூட இருக்காது. மழைத் தண்ணீர் வரத்துக்காலுக்கு வராமல் தோப்பு வரப்புகளிலேயே நின்றுவிடுகிறது, கண்மாய் நிறைவதில்லை என்பது எங்கள் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் வழக்கு. காகித ஆலைக்காக நட்டு, சில வருடங்களில் வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடுகிற மரத்தின் மேல் யாருக்குப் பாசம் வரும்?

பொங்கலுக்கு விடுப்பில் வந்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தாலே விசாரணை தொடங்கிவிடுகிறது. கடல் கடந்து போவது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் பர்மாத் தேக்கைக் கப்பலில் ஏற்றிவந்து வீடு கட்டிய ஊர்கள் இவை. போனவன் என்ன தொழில் செய்கிறான், என்ன மிச்சம் என்பது இங்கே நியாயமான கேள்வி. செடி வளர்க்கிறேன் என்றால் முகம் சுருங்குகிறது. அதற்கு ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்?

பெர்த்தில் ஸ்வான் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் மேட்டில் கிங்ஸ் பார்க் இருக்கிறது. மொத்தம் 400 ஹெக்டேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நகரத்தின் நடுவே அப்படியே விட்டுவைத்த புதர்க்காடு. 1965-ல் திறந்த தாவரவியல் பூங்கா அதற்குள் ஒரு பகுதி. மேற்கு ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடிகளுக்கென்றே நடத்தப்படுவது அது. அந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட தாவர வகைகள் உண்டு. பாதி வேறு எங்கும் இல்லாதவை. வந்த புதிதில் நான் காய்கறி மொத்தச் சந்தையில் பெட்டி தூக்கினேன். ஊரில் வாங்கிய வேளாண்மைப் பட்டத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிறகு தோட்டக்கலைச் சான்றிதழ் படித்து, விடுமுறை நாட்களில் சம்பளமில்லாமல் களை பிடுங்கி, ஒருவழியாக அந்தப் பூங்காவின் நாற்றங்காலில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே எனக்குத் தெரிந்த விவசாயம் தலைகீழாகிவிட்டது. சித்தப்பாவிடம் பேங்க்சியா என்ற மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "டி.ஏ.பி. உரம் கொஞ்சம் வைத்தால் வளராதா?" என்றார். வளராது, செத்துப்போகும். கோடிக்கணக்கான வருடங்களாக மழையில் கரைந்து சத்திழந்த மணல் அது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. அந்த மரங்கள் குஞ்சம் போன்ற வேர்க்கொத்துகளை விட்டு, அவற்றிலிருந்து அமிலத்தைச் சுரந்து, மண்ணோடு ஒட்டியிருக்கும் துளிச் சத்தையும் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. அள்ளிப் போட்டால் உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாமல் நஞ்சேறிக் கருகுகின்றன. "சோறு போட்டால் சாகிற மரமா!" என்று சித்தப்பா அன்று முழுவதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புகை அதைவிட வியப்பு. காட்டுத் தீக்குப் பிறகுதான் முளைக்கும் விதைகள் அந்த நிலத்தில் ஏராளம். வெப்பமா, சாம்பலா என்று குழம்பியிருந்தவர்களுக்கு, புகையே போதும் என்று 1990-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தெரியவந்தது. எங்கள் பூங்காவின் ஆய்வாளர்கள் அதை உள்ளூர்ச் செடிகளில் சோதித்தார்கள். பிறகு பல்கலைக்கழக வேதியியலாளர்களோடு சேர்ந்து, விதையை எழுப்புகிற மூலக்கூறு எது என்று 2004-ல் பிரித்துக் காட்டினார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே அது வேலை செய்யும். வைக்கோலையும் சருகையும் எரித்து, புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி, அந்தத் தண்ணீரில் விதைகளை ஊறவைக்கிறோம். அப்பத்தா இதற்கு அசரவில்லை. விதைச் சோளக்கதிரை அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிட்டே வாழ்ந்தவர். அது வண்டு விழாமலிருக்க, இது முளைப்பதற்கு, இரண்டும் வேறு என்று விளக்கிப் பார்த்தேன். "புகை புகைதானே" என்று முடித்துவிட்டார்.

அவர் ஒவ்வொரு முறையும் பீர்க்கு விதையையும் அவரை விதையையும் துணியில் முடிந்து என் பெட்டிக்குள் வைத்துவிடுவார். நானும் ஒவ்வொரு முறையும் எடுத்து வெளியே வைப்பேன். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விதை, மரம், மண் எதுவானாலும் அறிவிக்கவேண்டும், மறைத்தால் அபராதம். அங்கே காலணி மண்ணுக்குக்கூடப் பயப்படுகிறார்கள். காட்டுக்குள் நுழையுமுன் செருப்பின் அடியைத் தேய்த்துக் கழுவி மருந்து தெளிக்கவேண்டும். ஃபைட்டாப்தொரா என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி மண்ணோடு ஒட்டிவந்து வேரை அழுகவைக்கிறது. தென்மேற்கின் செடிகளில் சுமார் 40 சதவீதம் அதற்கு இரையாகக்கூடியவை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் பழக்கம்தான் என்பதால், இந்த விதி மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று வளர்ந்தவனுக்குக் கொஞ்சம் கசந்த செய்தி இன்னொன்று. கண்மாய்க்குள் நட்டு வளர்த்து ஏலம் விடுகிறோமே, நம் நாட்டுக் கருவேலம், அது குயின்ஸ்லாந்தில் தேசிய அளவிலான களை. ஆட்டுக்கு நிழலும் தீனியும் கிடைக்கும் என்று 1890-களில் கொண்டுபோனார்கள். இன்று புல்வெளிகளை முள்காடாக்கி வைத்திருக்கிறது. 1999-ல் அரசு வெளியிட்ட மிக மோசமான 20 களைகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது, நம் ஊரைப் பிடித்த சீமைக் கருவேலத்தின் இனமும் இருக்கிறது. நாட்டுக் கருவேலத்தைத் தின்னும் பூச்சி கிடைக்குமா என்று தேடி, அங்கிருந்து கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு மரங்களில் ஆய்வு செய்தார்கள். காரணம் எளிது. பிறந்த ஊரில் இலையைக் கடிக்கவும் காயைத் துளைக்கவும் ஆயிரம் பூச்சிகள் உண்டு. ஊர் மாறும்போது விதை மட்டும் போகிறது. தைலமரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. 2000-க்குப் பிறகு இலைக்காம்பில் முடிச்சுப் போடும் சிறு குளவியொன்று தன் சொந்த மரத்தைத் தேடி ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியத் தோப்புகளுக்கும் வந்துவிட்டது.

ஆகவே தைலமரத்தைத் திட்டுகிறவர்களோடு நானும் சேர்ந்து திட்டுவேன், தோப்பைப் பார்த்து. தைல இனத்தில் மட்டும் 800-க்கு மேற்பட்ட வகைகள். நம் சமவெளியில் நிற்பவை அவற்றில் இரண்டோ மூன்றோதான். கருங்கற்பாறை இடுக்கில் மட்டும் வளர்ந்து, வெள்ளி பூசிய கிளைகளில் இளஞ்சிவப்புப் பூக்களைத் தொங்கவிடும் வகை ஒன்று எங்கள் நாற்றங்காலில் இருக்கிறது. அதைப் பார்த்தவர் யாரும் தைலமரம் என்று நம்பமாட்டார். சொந்தச் செடி, அந்நியச் செடி என்ற இந்தக் கணக்கில் விராலி ஒரு விதிவிலக்கு. விராலிமலைக்குப் பெயர் தந்த அதே செடி, ஆஸ்திரேலியாவிலும் சொந்தச் செடி. அதன் விதையின் ஓடு கடினம். கொதிநீரில் முக்கியெடுத்தால்தான் சுறுசுறுப்பாக முளைக்கும்.

"நீயே அங்கே அந்நியச் செடிதானே" என்று சித்தப்பா சீண்டினார். பெர்த்திலும் இந்த நகைச்சுவையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. மனிதனைக் களையோடு சேர்த்துப் பேசினால் அது எங்கே போய் முடியும் என்பது தெரிந்ததுதான். வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறேன், வேலையிடத்தில் பேங்க்சியா. இதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

இந்த முறை வந்ததில் உருப்படியான காரியம் ஒன்று நடந்தது. சித்தப்பாவின் தரிசில் சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுத்துவிட்டு மரம் நடவேண்டும் என்கிறார். என்ன நடுவது என்று பார்க்க ஐயனார் கோயில்காட்டுக்குப் போனோம். வீரை, பாலை, குருந்து, காயா, காரை, உசில், ஓரத்தில் பெரிய நாவல். சோழமண்டலக் கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது. சாமி பயத்தால் மட்டும் தப்பித்திருக்கிறது. பெர்த்தில் விதைகளை 15 பாகை வெப்பம், 15 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்தி, உறைநிலைக்கு 18 பாகை கீழே வைத்து வருடக்கணக்கில் காக்கிறோம். நாவலை அப்படி வைக்க முடியாது, உலர்ந்தால் விதை செத்துவிடும். பழம் விழுந்த சூட்டோடு பையில் ஊன்றவேண்டும். வேம்பும் வெகுநாள் தாங்காது. இந்த மரங்களுக்கு விதை வங்கி என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் காடுதான்.

பூசாரியிடம் கேட்டோம். உதிர்ந்ததைப் பொறுக்கலாம், மரத்தில் இருப்பதைத் தொடக்கூடாது, ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார். பெர்த்தில் என் உரிமம் ஒரு செடியின் விதையில் ஐந்தில் ஒரு பங்குவரை பறிக்கவிடும்; இவர் அதைவிடக் கெடுபிடி. சித்தப்பா தலையாட்டிவிட்டார். ஆனியில் நாவல் பழுக்கும்போது பொறுக்கி ஊன்றி, ஐப்பசி மழைக்கு நடுவதாகத் திட்டம். சீமைக் கருவேலத்தை எடுக்கக் கரிமூட்டக்காரர் மாசியில் வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதில்தான் சித்தப்பாவுக்கும் அவர் மகனுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.