நாகேஷுக்குக் காரப்பொரி

அம்மா தோலோடு தட்டிப் போட்ட பூண்டு எண்ணெயில் சிவக்க ஆரம்பித்தபோதே, ஹாலில் 'காதலிக்க நேரமில்லை' ஓடத் தொடங்கிவிட்டது.

அப்புறம் கறிவேப்பிலை, கிள்ளிய மிளகாய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு, ஒரு கை பொட்டுக்கடலை. அடுப்பைச் சிறியதாக்கிப் பொரியைக் கொட்டிப் புரட்டினால் வேலை முடிந்தது. பூண்டு மட்டும் கருகக் கூடாது. கருகினால் மொத்தமும் கசக்கும்.

முறுக்கும் இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன்.

காரணம் இருக்கிறது. பாலையாவை உட்கார வைத்து நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி. காற்று, கதவு, காலடி எல்லாச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்தே வரும். பாலையா பேசாமலே முகத்தில் பயத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் 'கடக் முடக்' என்று முறுக்கைக் கடித்தால் எப்படி இருக்கும்?

பொரி அப்படியில்லை, வாயில் போட்டதும் அடங்கிவிடும். பொட்டுக்கடலைதான் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

1964-இல் வந்த படம். வசனம் மனப்பாடம், இருந்தும் பாலையா மிரளும்போது கை கிண்ணத்திலேயே நின்றுவிடுகிறது.

நொறுக்குத்தீனியை ருசி பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்கிறோம். அதன் சத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து 'தில்லானா மோகனாம்பாள்'. அதே பாலையா, கையில் தவில். அதற்கு முறுக்கே வரட்டும், யாருக்குக் கேட்கப்போகிறது!