"புதுசுதானே, டாக்டரம்மா?"

பித்தப்பைக் கல் அறுவைக்காக மேசையில் படுத்திருந்த அந்த அம்மா, ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கி, "புதுசுதானே, டாக்டரம்மா?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன்.

அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் பழைய மருந்தான புரோபோஃபாலையும் புது மருந்தான ரெமிமசோலத்தையும் ஒப்பிடும் ஆய்வு அது. 2020 ஜனவரியில் ஜப்பானில் பொது மயக்கத்துக்கு அனுமதி பெற்ற ரெமிமசோலம், இரத்த அழுத்தத்தை அவ்வளவாக இறக்காது என்பதாலும், தேவைப்பட்டால் ஃப்ளூமசெனில் கொடுத்து அதன் விளைவை முறிக்கலாம் என்பதாலும், எனக்கு அதன்மேல் மெய்யான நம்பிக்கை இருந்தது. முந்தைய மாலை ஒப்புதல் வாங்கியபோது அந்த நம்பிக்கை என் குரலில் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்பதை ஒட்டிய உறைதான் தீர்மானிக்கும் என்று விளக்கியதும், "நீங்க நினைச்சா புதுசே வராதா?" என்று சிரித்தபடி கையெழுத்திட்டார். மறுபடி விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

உறையில் வந்தது புரோபோஃபால். அதன் பால்வெண்மை நோயாளியின் கண்ணில் படாதிருக்கச் சிரிஞ்சை ஃபாயில் தாளால் சுற்றி, குழாயின்மேல் பச்சைத் துணியைப் போட்டிருந்தோம். எரிச்சலைக் குறைக்க லிக்னோகைன் கொடுத்திருந்தும், மருந்து ஏறத் தொடங்கியதும் "கை எரியுதே" என்று முகம் சுளித்தார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

"அதைச் சொல்லக்கூடாதும்மா" என்பதே விதிப்படியான பதில். ஆனால் அரை நிமிடத்தில் நினைவிழக்கப் போகிறவரைக் கலங்க வைக்கக்கூடாது என்றுதான் "ம்" என்றேன் என எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது மட்டுமே காரணமென்றால், "நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்று சொல்லியிருந்தாலும் போதுமே. அவர் ஆசைப்பட்டது கிடைக்கவில்லையே என்ற என் சங்கடத்தைத்தான் அந்த "ம்" மறைத்ததோ என்றும் தோன்றுகிறது.

மயக்கம் ஏறியபின் சிஸ்டாலிக் (மேல்) இரத்த அழுத்தம் 132-லிருந்து 84-க்கு இறங்கி, அதை உயர்த்தும் எஃபெட்ரின் 6 மில்லிகிராம் கொடுத்ததும் சரியானது. அறுவையும் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் வார்டில், "புது மருந்து நல்லா இருந்துச்சு, வாந்தியே வரல" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாந்தி வராததற்கு, நாங்கள் எல்லோருக்கும் போடும் வாந்தித் தடுப்பு மருந்தான ஒண்டான்செட்ரான் காரணமாக இருந்திருக்கலாம். அவரைத் திருத்தினால், ஆய்வு முடியுமுன் எந்த மருந்து என்பதை வெளியிட்டதாகிவிடும். அந்த விதியை முந்தைய நாளே நான் மதிக்கவில்லை என்பது தெரிந்தும், அதையே காரணமாகக் கொண்டு பேசாமல் நகர்ந்தேன்.

மாலையில் ஒப்புதல் படிவத்துடன் போனபோது, பக்கத்துக் கட்டில்காரர் நான் வாய் திறக்குமுன்னே, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். முதல் பக்கத்திலிருந்து நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.